கூலியும் கூக்குரலும்: விசைத்தறிக் கொட்டகையில் உருவான ஒரு கிறிஸ்தவ எக்ஸ்ட்ரீம் மெட்டல் முயற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட விசைத்தறிப் பகுதியிலுள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் நிர்வாகக் குழுவான பாஸ்டரேட் கமிட்டி முன்பு, கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர்க் கணக்குக்கும் அறுப்பின் பண்டிகை ஏற்பாடுகளுக்கும் நடுவே, இதுவரை வந்திராத வகையில் ஒரு விண்ணப்பம் வந்தது. வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் தனியொருவராக மெட்டமைத்து, வாசித்து, பாடி, பதிவுசெய்த ஐந்து பாடல்களை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் ஒரு மாலை சபையின் சமூகக் கூடத்தில் ஒலிக்கச் செய்ய அனுமதி வேண்டும் என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. ஐந்து பாடல்களின் சொற்களும் ஏறக்குறைய முழுவதும் தமிழ் வேதாகமத்திலிருந்து எடுக்கப்பட்டவை. இசையோ, ராக் இசையிலிருந்து வளர்ந்த மெட்டலின் மிகக் கடுமையான வகைகளான பிளாக் மெட்டலும் டெத் மெட்டலும் கலந்தது; உறுமும் குரலும், இடைவெளியின்றி இடிக்கும் முரசும், சுருதி இறக்கப்பட்ட கிதாரும் கொண்டது.

நான் அந்தச் சபையின் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசிப்பவன். இசை குறித்து ஒரு கருத்துரை எழுதித் தருமாறு கமிட்டி என்னைக் கேட்டுக்கொண்டது. அந்தக் கருத்துரையை விரித்து, பின்னர் நடந்தவற்றையும் சேர்த்து எழுதியதே இந்த ஆய்வு. இளைஞரின் பெயரையும் முயற்சியின் பெயரையும் சபையின் பெயரையும் அவர்களின் விருப்பப்படி இங்கே தரவில்லை. இளைஞர் தம் பாடல்களிலும் பெயர் போடவில்லை. அதற்கு இறையியல் காரணம் எதுவும் இல்லை. "பொண்ணு பாத்துட்டிருக்கற நேரத்துல இதெல்லாம் வெளிய தெரிய வேண்டாங்கண்ணு" என்று அவருடைய தாயார் சொன்னதே காரணம்.

கொட்டகையும் பதிவும்

இளைஞரின் குடும்பம் கூலிக்கு நெசவு செய்யும் குடும்பம். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் (நீளவாட்டில் ஓடும் நூல்) ஊடை நூலும் (குறுக்கே ஓடும் நூல்) கொடுப்பார். தறிக்காரர் தம் சொந்தத் தறியில், தம் சொந்த மின்கட்டணத்தில் நெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வார். கோவை, திருப்பூர் மாவட்டங்களின் விசைத்தறிகளில் மிகப் பெரும்பகுதி இந்த முறையில் ஓடுகிறது. 2021 நவம்பரில் நடந்த பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதமும், பல்லடம் உள்ளிட்ட பிற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு தருவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அது கைக்கு வந்து சேரவில்லை என்று 2022 ஜனவரியில் கூலித் தறிக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது வாரக்கணக்கில் நீண்டது. தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றவர்களும் உண்டு.

ஐந்து பாடல்களின் குரல் பதிவும் அந்த வாரங்களில்தான் நடந்தது. காரணம் முழுக்க முழுக்க நடைமுறை சார்ந்தது. தறி ஓடும் கொட்டகையில் மைக் வைத்துக் குரலைப் பதிவுசெய்ய இயலாது. ஒருவர் பேசுவதை மற்றவர் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளும் இடம் அது. கிதாருக்கும் அங்கே தொல்லை உண்டு. கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட கிதார், மின்மோட்டார்களும் டியூப்லைட்டுகளும் எழுப்பும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அப்படியே இழுத்துக்கொள்ளும். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து அந்த இரைச்சலைத் தன்னுள்ளேயே அடித்துத் தள்ளும் ஹம்பக்கர் பிக்கப்பை இளைஞர் பொருத்தியிருந்தார். ஆனாலும் தம் கிதாரின் தடித்த கம்பியை 'பி' சுருதி வரை, அதாவது ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸ் வரை, இறக்கியிருந்தார். அடித்தள ஒலி அந்த இரைச்சலுக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தால் பதிவில் சேறு கலந்ததுபோல் ஆகிவிடும். தறிகள் நின்றபோது இந்த இரண்டு இடையூறுகளும் ஒருசேர நீங்கின.

பாடிப் பழகியது மட்டும் தறி ஓடிய நாட்களில். உறுமல் குரல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதால் வருவதன்று. உண்மையான குரல்நாண்களுக்குச் சற்று மேலே உள்ள பொய்க் குரல்நாண்கள் எனப்படும் மடிப்புகளை அதிரவிட்டு, வயிற்றிலிருந்து வரும் காற்றை அளந்து விடுவதால் வருவது அது. தவறாகச் செய்தால் சில வாரங்களில் குரல் கட்டிப்போகும். சரியாகச் செய்பவர்கள் பல ஆண்டுகள் பாடுகிறார்கள். வீட்டில் பழகினால் அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள். தறிக்குப் பக்கத்தில் நின்று பழகினால் பாடுபவருக்கே பாதிதான் கேட்கும். இந்த வகைக் குரலைப் பழக இதைவிட வசதியான இடம் கொங்கு நாட்டில் வேறு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

முரசு கணினியில் அமைக்கப்பட்டது. பிளாஸ்ட் பீட் என்று அழைக்கப்படும் அடியில், காலால் அடிக்கும் பேஸ் டிரம்மும் கையால் அடிக்கும் ஸ்னேரும் மாறிமாறி மிக விரைவாக ஒலிக்கும். நிமிடத்துக்கு 220 தாளத்துடிப்பு என்று வைத்து, ஒவ்வொன்றிலும் நான்கு அடிகள் விழுந்தால் நிமிடத்துக்கு 880 அடிகள். இந்த வேகத்தில் காது தனித்தனி அடியைக் கேட்பதில்லை. அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே அதிர்வுப் பரப்பாக நிற்க, அதன்மீது கிதாரின் மெட்டு மிக மெதுவாக நகர்வதுபோல் தோன்றும். வெளியே ஓட்டம், உள்ளே நகராமை என்பதே இந்த இசையின் அடிப்படை உணர்வு. முதலில் கேட்பவர்களுக்கு ஓட்டம் மட்டுமே தெரியும். உள்ளே இருக்கும் மெதுவான மெட்டைப் பிடிக்கச் சிறிது பழக்கம் வேண்டும். மூன்றாம் பாடலின் தொடக்கத்தில் இளைஞர் தம் வீட்டுத் தறியின் ஓசையைப் பதிந்து வைத்து, அது நிற்கும் இடத்தில் முரசைத் தொடங்கியிருக்கிறார்.

தேர்ந்தெடுத்த வசனங்கள்

முதற்பாடல் 88ஆம் சங்கீதம். சங்கீதங்களில் பல புலம்பலில் தொடங்கித் துதியில் முடியும். இது மட்டும் இருளிலேயே முடிந்துவிடும். திருமணத்திலும் சரி, அடக்க ஆராதனையிலும் சரி, எங்கள் சபையில் இதை வாசித்து நான் கேட்டதில்லை. இரண்டாவது ஆபகூக் தீர்க்கதரிசியின் முதல் அதிகாரம்: எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாதிருக்கிறீரே என்ற முறையீடு. மூன்றாவது யோபு ஏழாம் அதிகாரம். நெய்கிறவன் எறிகிற நாடாவைக் (ஊடை நூலைச் சுமந்து தறியில் குறுக்கே ஓடும் கட்டை) காட்டிலும் விரைவாகத் தன் நாட்கள் ஓடி நம்பிக்கையின்றி முடிகின்றன என்று யோபு சொல்லும் இடம் அது. நான்காவது ஏசாயா 38. நோயிலிருந்து எழுந்த எசேக்கியா ராஜா, நெய்கிறவன் பாவை அறுப்பதுபோல் தன் உயிர் அறுபட இருந்ததைச் சொல்வது. தறிக்கார வீட்டுப் பிள்ளை வேதாகமத்தைத் திறந்து தன் தொழிற்சொற்களைத் தேடியிருக்கிறார் என்பது வெளிப்படை. நாடாவும் பாவும் அங்கே புலம்பலின் நடுவில்தான் கிடைத்தன.

ஐந்தாவது பாடல் யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம். வேலைக்காரருக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று ஐசுவரியவான்களை நோக்கிச் சொல்லும் பகுதி. இந்த நிகழ்வு முழுவதும் கடைசியில் இந்த ஒரு பாடலைச் சுற்றியே நின்றது என்பதை அப்போது யாரும், இளைஞர் உட்பட, எதிர்பார்க்கவில்லை.

முதற்சுற்று ஆட்சேபங்கள்

கமிட்டியின் முதல் கூட்டத்தில் ஒரு பாடல் முப்பது விநாடிகள் ஒலித்தது. "ஏங்கண்ணு, பேய் ஓட்டறதா இது?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அந்தக் குரலை அவர் வேறெங்கும் கேட்டதில்லை. அதன்பின் எழுந்த ஆட்சேபங்களில் மிகக் கனமானது இதுதான்: இந்த இசைவகையை உருவாக்கியவர்கள் ஆலயங்களை எரித்தவர்கள், அவர்களின் பாணியை ஆலய வளாகத்துக்குள் கொண்டுவருவது எப்படிச் சரியாகும்?

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பிளாக் மெட்டல் என்ற பெயர் 1982இல் பிரிட்டனின் வெனம் குழு வெளியிட்ட தொகுப்பிலிருந்து வந்தது. அந்தக் குழுவின் சாத்தானியப் பேச்சு பெரும்பாலும் மேடை வேடிக்கை. நார்வேயில் அது வேடிக்கையாக நிற்கவில்லை. பெர்கன் நகருக்கு அருகிலுள்ள ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத்தேவாலயம் 1992 ஜூன் 6ஆம் நாள் எரிக்கப்பட்டது. தொடர்ந்து வேறு ஆலயங்களும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கிதார் கலைஞர் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற வார்க் விகெர்னெஸ் அந்தக் கொலைக்காகவும் சில ஆலயங்களுக்குத் தீவைத்ததற்காகவும் 1994இல் தண்டிக்கப்பட்டார். ஆகவே அந்த மூத்தவரின் அச்சத்துக்கு வரலாற்றுச் சான்று உண்டு.

ஆனால் அதே வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. அதே நார்வேயில் 1989இல் தொடங்கிய ஒரு கிறிஸ்தவக் குழு, பின்னர் ஆன்டெஸ்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு, பிளாக் மெட்டலின் ஒலியிலேயே பாடியது. பிளாக் மெட்டல் என்ற பெயர் சாத்தானியத்தோடு ஒட்டியிருந்ததால் தங்கள் இசையைத் துயர மெட்டல் என்றே தொடக்கத்தில் அவர்கள் அழைத்துக்கொண்டார்கள். 1998இல் அவர்களின் தொகுப்பை வெளியிட்டது கிறிஸ்தவ நிறுவனம் அன்று. பிளாக் மெட்டல் குழுக்களை வெளியிட்டுவந்த ககோஃபனஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். 2005இல் வெளிவந்த தொகுப்பில் அவர்களுக்கு முரசு வாசித்தவர் ஹெல்ஹாமர், மேஹெம் குழுவின் முரசுக் கலைஞரேதான். மனிதர்கள் நாம் வகுக்கும் கோடுகளுக்குள் நிற்பதில்லை.

எங்கள் இளைஞருக்கு நேர் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். மெல்போர்ன் நகரின் மார்டிஃபிகேஷன், கிறிஸ்தவ டெத் மெட்டலை உலகறியச் செய்த குழு. 1992இல் வந்த அவர்களின் தொகுப்பு இன்றும் இந்த வகையின் அடித்தளங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் முரசுக் கலைஞராக இருந்த ஜேசன் ஷெர்லாக், குழுவிலிருந்து விலகிய பின் ஹோர்ட் என்ற பெயரில் தனியொருவராக எல்லாக் கருவிகளையும் வாசித்துப் பாடிய 'ஹெல்லிக் உஸ்வார்ட்' தொகுப்பு 1994இல் ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட் நிறுவனத்தில் வெளிவந்தது. உறையில் கலைஞரின் பெயர் இல்லை. அநாமதேயர் என்று மட்டும் இருந்தது. பாடல் தலைப்புகள் சாத்தானியக் குழுக்களின் பாணியிலேயே அமைந்து, அவற்றின் பொருளைத் திருப்பிப் போட்டவை. யார் இதைச் செய்தது என்று சொல்லுமாறு நிறுவனத்துக்கு மிரட்டல்கள் வந்ததாகக் கூறப்படுகிறது. அன்பிளாக் மெட்டல் என்று இன்று அழைக்கப்படும் கிறிஸ்தவ பிளாக் மெட்டல் வகை அந்தத் தொகுப்பிலிருந்து கிளைத்தது. ஹோர்ட் முதன்முறையாக மேடையேறியது 2006இல், அதுவும் நார்வேயின் ஆஸ்லோவில்.

இதைக் கமிட்டியில் விளக்கியபோது, எல்லாம் வெள்ளைக்காரர்களின் கூத்து என்று ஒருவர் முடித்துவைக்கப் பார்த்தார். ஈரோட்டில் பிரப் ரோடும் பிரப் நினைவு ஆலயமும் எவர் பெயரால் நிற்கின்றன என்று நான் கேட்க வேண்டியதாயிற்று. அந்தோணி வாட்சன் பிரப் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி. கொங்கு நாட்டுச் சபைக்கு ஆஸ்திரேலியா அந்நியம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இந்த வாதம் சிரிப்பை வரவழைத்ததே தவிர எதையும் தீர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பறையின் முன்னுதாரணம், அது எட்டும் தொலைவு

இளைஞர் தரப்பில் வாலிபர் ஐக்கியத்தின் செயலர் வைத்த வாதம் இதைவிட வலுவானது. பறையும், கொங்கு நாட்டு முரசான துடும்பும் ஒருகாலத்தில் ஆலயத்துக்குள் வரக்கூடாதவையாக இருந்தன. இன்று வாலிபர் ஞாயிறன்று பறை ஒலிக்கிறது. அப்படியிருக்க இது மட்டும் ஏன் கூடாது என்று அவர் கேட்டார். இந்த வாதத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

பறை ஆலயத்துக்கு வெளியே வைக்கப்பட்டதற்கு மேட்டிமை மனம் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. சாவு வீட்டிலும் கோவில் நோம்பியிலும் கூலியின்றி, மறுக்க வழியின்றிப் பறையடிக்க வேண்டியிருந்த குடும்பங்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தபோது, அந்தக் கடமையை உதறியதன் அடையாளமாகக் கருவியையே கீழே வைத்தார்கள். அவர்களுக்குப் பறையைத் தொடாமை ஒரு விடுதலையாக இருந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோஃபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுகளையும் கருவிகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது இந்த இரண்டு தடைகளையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இழிவாகக் கருதப்பட்ட ஒலியில் இறைவனைப் பாடலாம் என்று அவர் நிலைநாட்டியது எங்கள் இளைஞருக்கும் துணை நிற்கும் முன்னுதாரணமே.

ஆனால் அது பாதி வழிதான் வரும். அப்பாவுவின் பாடல்கள், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை கேட்டுத் திருப்பிப் பாடும்படி கட்டப்பட்டவை. கூடிப் பாடுவதே அவற்றின் உயிர். எக்ஸ்ட்ரீம் மெட்டலைச் சபை கூடிப் பாட முடியாது. ஃபின்லாந்தின் லுத்தரன் சபையில் 2006 முதல் மெட்டல் ஆராதனை நடந்துவருகிறது. அங்கேகூடச் சபையார் ஏற்கெனவே அறிந்த பாமாலைகளை மெட்டல் வாத்தியங்களோடு, தெளிவான குரலில் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்களே தவிர, உறுமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஆகவே என் கருத்துரையில் இரண்டு செய்திகளை மட்டும் உறுதியாக எழுதினேன். இது ஆராதனைப் பாடல் அன்று. அந்த இடத்தைக் கேட்கவும் கூடாது. இது சுவிசேஷ ஊழியமும் அன்று. சொல் விளங்காத ஒன்றால் நற்செய்தி அறிவிக்க முடியாது. ஆனால் புலம்பல் என்ற அளவில் இதற்கு வேதாகமத்தில் இடம் இருக்கிறது. புலம்பலுக்கு நம் சபைப் பாடல்களில் இன்று ஏறக்குறைய இடமே இல்லை. கீபோர்டில் ஒரு சொடுக்கில் வரும் மெல்லிய பின்னணி ஒலியும் 'எல்லாம் நன்மைக்கே' என்ற சொற்களும் வேலைநிறுத்த வாரங்களில் எவ்வளவு பொருந்தாமல் ஒலித்தன என்பது அந்த ஞாயிறுகளில் ஆர்கன் முன் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

தாள் அச்சான பின்

ஒரு நிபந்தனையோடு அனுமதி தரலாம் என்று போதகர் ஐயா முன்மொழிந்தார். பாடல்களின் சொற்கள் முழுவதையும் தமிழில் அச்சிட்டு, வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். அச்சிடும் முன் கமிட்டி அதைப் பார்க்க வேண்டும். சொல் விளங்காது என்ற என் குறிப்பிலிருந்தே இந்த நிபந்தனை பிறந்தது.

தாள் சுற்றுக்கு வந்த கூட்டத்தில் நடந்தது இந்த ஆய்வின் மையம். அதுவரை சாத்தான், பேய், சத்தம் என்று பேசிய உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்தச் சொற்களை மீண்டும் எடுக்கவில்லை. 88ஆம் சங்கீதத்தை ஒருவர் உரக்கப் படித்தார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. யோபின் நாடாவைப் பற்றி, "இது நம்ம பைபிள்ல இருக்குதுங்களா?" என்று ஒருவர் வியந்தார். ஐந்தாம் பாடலுக்கு வந்தபோது அறையின் காற்று மாறியது. கமிட்டியில் கூலித் தறிக்காரர்களும் உண்டு. பாவு நூல் கொடுத்து நெய்ய வைக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களும் உண்டு. இளைஞர் யாக்கோபின் வசனங்களுக்கு இடையில் தம் சொந்த வரிகள் இரண்டைச் சேர்த்திருந்தார். ஒன்றில் 23 என்ற எண் இருந்தது. அதற்குமேல் விளக்கம் எவருக்கும் தேவைப்படவில்லை.

"வசனத்தோட நம்ம ஊர்க் கணக்கச் சேத்தறது முறையில்லீங்க" என்றார் ஓர் உற்பத்தியாளர். அவருடைய வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூல் விலை அந்த ஆண்டில் தாறுமாறாக ஏறியது. அவரும் மேலே உள்ள வியாபாரியிடம் கட்டுப்பட்டவர். யாக்கோபு பேசும் ஐசுவரியவான் தாம் அல்லர் என்று அவர் மனமார நம்புகிறார். ஆனால் ஆட்சேபத்தின் தன்மை முற்றிலும் மாறிவிட்டதை அங்கிருந்த எவரும் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. சொல் கேட்காதவரை குற்றம் இசையின்மேல் இருந்தது. சொல் படிக்கக் கிடைத்ததும் இசையை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

உலகெங்கும் கிறிஸ்தவ எக்ஸ்ட்ரீம் மெட்டலைப் பற்றி நடந்துவரும் வாதம் பெரும்பாலும் வடிவத்தைப் பற்றியது: இந்த ஒலி தன்னளவில் தீயதா, அல்லது எந்தச் சொல்லையும் ஏற்கும் வெறும் பாத்திரமா என்பது. சபைகள் ஒருபுறமும், கிறிஸ்தவர்கள் தங்கள் இசையைத் திருடிவிட்டதாகக் கருதும் மெட்டல் ரசிகர்கள் மறுபுறமும் நின்று ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1986இல் அமெரிக்காவின் ஸ்டிரைப்பர் குழு மேடையிலிருந்து புதிய ஏற்பாடுகளைக் கூட்டத்துக்குள் வீசிய காலத்திலிருந்து இந்தக் கேள்வி நகரவில்லை. எங்கள் சபையின் நிகழ்வு காட்டுவது, வடிவத்தைப் பற்றிய வாதம் சொல்லைப் பற்றிய வாதத்தைத் தள்ளிப்போட உதவுகிறது என்பது. உறுமல் குரல் சொல்லை மறைக்கிறது; மறைவதால் கேட்பவர் தப்பித்துக்கொள்கிறார். பாடுபவரும் ஒருவகையில் தப்பித்துக்கொள்கிறார். எதை வேண்டுமானாலும் உறுமலாம், எவரும் கணக்குக் கேட்க மாட்டார். தாள் இருவருக்கும் அந்த வசதியை இல்லாமல் செய்துவிட்டது.

கமிட்டி ஒரு வழி கண்டது. வேதவசனங்கள் அப்படியே நிற்கலாம். இளைஞர் சேர்த்த இரண்டு வரிகளும் தாளில் தனி எழுத்துருவில், இது வசனம் அன்று என்று தெரியும்படி அச்சிடப்பட வேண்டும். எண்ணை நீக்க வேண்டும் என்ற திருத்தம் வாக்கெடுப்பில் தோற்றது. எவர் எந்தப் பக்கம் கைதூக்கினார்கள் என்பதை இங்கே எழுதுவது முறையன்று.

ஒலித்த மாலை

லெந்து காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சி நடந்தது. கூடத்தின் கதவு சன்னல்களை அடைத்து, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளி உள்நோக்கித் திருப்பி வைத்தோம். குடியிருப்புப் பகுதிக்கு விதிகள் இடும் வரம்பு பகலில் 55 டெசிபெல். இரவு பத்து மணிக்கு மேல் 45. தறிக் கொட்டகைகளுக்கு நடுவே இந்த எண்களுக்கு என்ன பொருள் என்பது வேறு கேள்வி. எப்படியும் எட்டரை மணிக்குள் முடித்துவிட்டோம். ஒவ்வொரு பாடலுக்கும் முன் போதகர் ஐயா வசனப் பகுதியை வாசித்தார். பின்பு பாடல் ஒலித்தது. பின்பு சிறிது நேரம் அமைதி. இந்த அமைப்பு எவ்வளவு முக்கியமானது என்பதை நடத்திப் பார்த்த பிறகுதான் உணர முடிந்தது. சொல்லை முதலில் கேட்டுவிட்ட காதுக்கு, உறுமலுக்குள் அதே சொற்கள் ஆங்காங்கே பிடிபட்டன.

வந்தவர்களில் பாதிப் பேர் வாலிபர்கள். மீதிப்பேர் ஆர்வத்தாலும், சிலர் என்னதான் நடக்கிறது என்று கண்காணிக்கவும் வந்தவர்கள். நாற்பது ஆண்டுகள் தறி ஓட்டிய ஒரு பெரியவரிடம் பின்னர் கருத்துக் கேட்டேன். "தறி ஓட்டறவனுக்கு இந்தச் சத்தம் பெருசில்லீங்க. ஆனா பாட்டு எங்கிருக்குதுன்னு தேடிட்டே இருந்தனுங்க" என்றார். இசை விமர்சனம் என்ற அளவில் இதைவிடச் சரியான ஒன்றை நான் எழுதிவிட முடியாது. ஆனால் மூன்றாம் பாடலில் தறியோசை வந்து சட்டென நின்ற இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அது எந்த வகைத் தறி, எத்தனை அங்குல அகலம் என்பதையும் அவர் சரியாகச் சொன்னார்.

குறைகளும் இருந்தன. ஐந்து பாடல்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகின்றன. நான்காவதில் எசேக்கியா நலமடைந்து நன்றி சொல்லும் பகுதி வந்த பின்னும் இசை சற்றும் இளகவில்லை. வசனம் திரும்பும் இடத்தில் இசையும் திரும்பியிருக்க வேண்டும். கணினி முரசின் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழுவதால் சலிப்புத் தட்டுகிறது. மனிதர் ஒருவர் அடித்திருந்தால், அதிலும் எங்கள் ஊர்த் துடும்புக்காரர் ஒருவர் இந்த வேகத்துக்கு வழி கண்டிருந்தால், நிலைமை வேறாக இருந்திருக்கும். இளைஞரிடம் இதைச் சொன்னேன். துடும்பைப் பற்றித் தாமும் யோசித்ததாகவும், இரண்டு கால்களாலும் மிதிக்கும் டபுள் பேஸ் பெடலின் வேகத்தைத் துடும்பில் எதிர்பார்ப்பது வீண் என்பதால், அந்தப் பகுதிகளில் வேகத்தைக் குறைத்துவிடலாம் என்று எண்ணுவதாகவும் சொன்னார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மூன்று செய்திகள் பதிவாயின. இத்தகைய நிகழ்ச்சிக்கு இனியும் கூடம் தரலாம். ஆலயத்துக்குள் அனுமதி இல்லை. சொற்கள் அச்சிட்ட தாள் இல்லாமல் நடத்தக் கூடாது. தொகுப்பின் உறையில் சபையின் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று இளைஞர் கேட்டிருந்தார், அது மறுக்கப்பட்டது. அதே கூட்டத்தில் பெண்கள் ஐக்கியத்திலிருந்து வந்த ஒரு கடிதமும் எடுத்துக்கொள்ளப்பட்டது. வீட்டு ஜெபக்கூட்டங்களில் வாசிக்க அந்தத் தாள் தங்களுக்கு அறுபது படிகள் வேண்டும் என்றும், யாக்கோபு நிருபப் பக்கத்தில் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். நகலெடுக்கும் செலவைச் சபை நிதியிலிருந்து தருவதாகத் தீர்மானிக்கப்பட்டது. பாடல்களின் பதிவைக் கேட்டு வாங்கியவர்கள் மூன்று பேர். மூவரும் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்தவர்கள்.